போர்க்காலத்துச் சிரிப்பு

பல்லாவரத்தை ஒட்டிய பம்மலின் பெயரை நாடக உலகம் முழுக்கப் பரப்பியவர் பம்மல் சம்பந்த முதலியார். அவருடைய 'சபாபதி' நாடகத்தை 1941 இல் ஏ.வி.மெய்யப்பன் படமாக்கினார். அந்த டிசம்பரில்தான் ஜப்பான் பிரிட்டன் மீது போர் தொடுத்தது. அடுத்த ஏப்ரலில் குண்டு விழும் என்ற பயத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்னையை விட்டு வெளியேறினார்கள்.

படத்தில் போரின் சாயலே இல்லை. முதலாளி, வேலைக்காரன் இருவர் பெயருமே சபாபதி. சோடா உடைத்து வரச் சொன்னால் வேலைக்காரனாக வரும் காளி என்.ரத்தினம் பாட்டிலையே உடைத்துவிடுகிறார், முதலாளியாக வரும் டி.ஆர்.ராமச்சந்திரனின் உருண்டைக் கண்கள் இன்னும் பெரிதாகின்றன. இன்று பார்த்தாலும் வயிறு குலுங்குகிறது. அப்பாவித்தனத்தில் ஊறிய நகைச்சுவைக்கு வயதாவதில்லை. அச்சம் சூழ்ந்த காலத்தில் ஊரைச் சிரிக்கவைத்த அந்தக் கலைஞர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.