யவனமொழி வழங்கிய ஊர்களில் வழிபாட்டுக் கூட்டங்கள்

பண்டைக்காலத்தில் யவனமொழி வழங்கிய நாடுகளில், அரசரும் நகரத்தாரும் எடுத்த பெருவிழாக்களேயன்றி, ஒரு தெய்வத்தை முன்னிட்டு ஊரவர் தாமே கூடி அமைத்துக்கொண்ட சிறு கூட்டங்களும் பலவாக இருந்தன. கி. பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பைலோ என்னும் யூத அறிஞர், அந்நகரத்துக் கூட்டங்கள் மதுவையும் களியாட்டத்தையுமே அடிப்படையாக உடையன என்று இகழ்ந்தெழுதினார். 1873-இல் இப்பொருள்பற்றித் தனிநூல் இயற்றிய பிரெஞ்சு அறிஞர் பூக்காரும் இவற்றை உயர்வாகக் கருதினாரல்லர். இவ்விகழ்ச்சி ஊர்க்கூட்டங்களுக்கும் பொருந்துமோ என்பதை, அவர்கள் தாமே எழுதிவைத்த விதிகளைக்கொண்டு ஆராய்தலே முறையாகும்.

எகிப்து நாட்டுப் பாயூம் பகுதியிலுள்ள பிலடெல்பியா என்னும் ஊரைச் சார்ந்ததாகக் கருதப்படும் கூட்டவிதி ஒன்று பாபிரசுத் தாளிற் கிடைத்துளது. அதன் காலம் கி. மு. 69-க்கும் 58-க்கும் இடைப்பட்டதென்பர். ராபர்ட்ஸ், ஸ்கீட், நாக் என்னும் மூவர் 1936-இல் அதனைப் பதிப்பித்தனர். அக்கூட்டத்தார் வழிபட்ட தெய்வம் 'மிக உயர்ந்தோன்' என்னும் அடைபெற்ற ஜீயஸ். அவர்தம் தலைவன் பெயரோ பெத்தெசூக்கஸ். முதலையுருவத் தெய்வமாகிய சூக்கஸ் அளித்தவன் என்பது அதன் பொருள். யவனத் தெய்வப்பெயரும் எகிப்தியர் பெயரும் ஒரே தாளில் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

திங்கள்தோறும் ஒருமுறை கோயிலில் விருந்து நிகழ்தல் வேண்டும். ஆண்டுத் தெய்வத்துக்கு மதுவை வார்த்து, வேண்டுதல் செய்து, தெய்வத்தின்பொருட்டும் அரசன்பொருட்டும் வழக்கமான கடன்களை ஆற்றுதல் வேண்டும். யாவரும் தலைவன் சொற்கு அடங்குதல் வேண்டும். கட்சி பிரித்தலும், வேறொரு தலைவன் கூட்டத்திற்கு ஏகுதலும் கூடா. விருந்தில் ஒருவரையொருவர் வைதலும், ஒருவர் குலத்தை ஒருவர் கிளறுதலும் கூடா. இவை அவ்விதியின் சாரம்.

இவற்றுள் மதுவும் உளதாகலின் பைலோ கூறியது மெய்யே எனச் சிலர் கருதலாம். அது பொருந்தாது. கடவுட்கு முதலில் வார்த்து, வேண்டுதலோடு கூட்டிக்கொண்ட விருந்தை வெறுங்களியாட்டம் என்றல் நேர்மையன்று. வைதலும் பிரிவும் விலக்கப்பட்டமையால் அவை அங்கு நிகழ்ந்தன என்பது தோன்றும். ஆயினும் குற்றத்தைக் கண்டு விதிசெய்து தடுத்தாரைக் குற்றமே தொழிலாக உடையாரென்றல் எங்ஙனம்? அன்றியும் பைலோ எழுதியது, இசிடோரஸ் என்பான் ஆளுநன் பிளாக்கஸுக்கு எதிராக நகரக்கூட்டங்களைத் தூண்டிய அரசியற் பூசலைக் குறித்தே. அதனைச் சிற்றூரார்மேல் ஏற்றுதல் அளவைக்குப் பொருந்தாது.

பாயூம் பகுதியிலேயே தெப்துனிஸ் என்னும் ஊரில், திபேரியஸ் பேரரசன் காலத்தில் (கி. பி. 14-37) எழுந்த மற்றொரு விதி இதனை வலியுறுத்தும். உறுப்பினர் ஒவ்வொருவரும் திங்கள்தோறும் 12 திராக்மா செலுத்துதல் வேண்டும். இடுக்கணுற்றவனைக் கண்டும் உதவாது விட்டவனுக்குத் தண்டம் 8 திராக்மா. இறந்த உறுப்பினனுடைய ஈமத்திற்கு வாராதவனுக்குத் தண்டம் 4 திராக்மா. குடித்துத் தகாதன செய்வோனும் தண்டத்துக்கு உரியனே. குடியே உயிராகிய கூட்டம் குடியனை ஒறுக்குமோ என்று எண்ணிப்பார்க்க.

எனினும் இவற்றை மிகையாகப் புகழ்தலும் தகாது. குலம் வினவாமை விருந்தளவில் விதிக்கப்பட்டதன்றி, வாழ்வு முழுவதற்கும் விதிக்கப்பட்டதன்று. பிலடெல்பியாத் தலைவன் ஓராண்டுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டவன்; உறுப்பினரும் அவ்வாண்டளவும் விலகலாகாதென்றே கட்டுண்டனர். அன்பினால் நிகழவேண்டிய உதவியைத் தெப்துனிஸ் ஊரார் தண்டத்தால் நிகழ்வித்தனர் என்பதும் மறுக்கவொண்ணாத குறையே.

இத்துணைக் குறையிருந்தும், தெய்வத்தின் முன்னிலையில் ஒருவர் பிறப்பை ஒருவர் கிளறலாகாது என்பதைப் பேரறிஞர் போதனையின்றி ஊரவர் தாமே எழுதிவைத்தனர் என்பது எண்ணத்தக்கது. எளியோர் வழிபாட்டை அளப்பதற்கு அயலார் இகழ்ச்சியினும் அவர்தம் சொல்லே சிறந்த கருவி என்பது இதனால் இனிது பெறப்படும்.