விழுந்த கல்லும் சரிந்த மலையும்

ஐரோப்பிய மெய்யியலாளரைப் பெயர்களாகவும் ஆண்டுகளாகவும் மனனம் செய்யும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. எந்தத் தத்துவத்துக்கும் உரைகல் மக்கள் வாழ்வே. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுப் பேரறிஞர் சிலரை ஊவா மலைகளிடையே கொஸ்லந்தவில் நின்று வாசிப்போமாயின், அவர்தம் பெருமையும் குறையும் ஒருங்கே புலப்படும்.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்தது. லயன்கள் மண்ணுள் புதைந்தன. உயிர்கள் பல மாண்டன. இத்தகைய அழிவு நேரும்போதெல்லாம் 'விதி' என்பார் சிலர். 'இயற்கையின் சீற்றம்' என்பார் வேறு சிலர். சொற்கள் இரண்டாயினும் அவை செய்யும் வேலை ஒன்றே: மேற்கொண்டு கேள்வி எழாமல் தடுத்துவிடுகின்றன.

இவ்வகை வாதத்தின் திரையைக் கிழித்தவர்களுள் ஸ்பினோசா தலையாயவர். ஆம்ஸ்டர்டாம் யூத சமூகத்தால் 1656இல் விலக்கப்பட்டுக் கண்ணாடி வில்லை தேய்த்து வாழ்ந்த அவரது 'அறவியல்', அவர் மறைந்த 1677ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அதன் முதற்பகுதிப் பிற்சேர்க்கையில் ஓர் உதாரணம் வருகிறது. கூரையிலிருந்து கல் விழுந்து ஒருவன் சாகிறான். காற்றடித்ததால் விழுந்தது என்றால், அந்நேரம் ஏன் காற்றடித்தது, அவன் ஏன் அவ்வழியே வந்தான் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் கடவுள் சித்தம் என்று முடிப்பர். அறியாமையே அங்கு அடைக்கலம் தேடுகிறது என்பது ஸ்பினோசாவின் தீர்ப்பு.

லைப்னிட்ஸோ 1710இல், இயலக்கூடிய உலகங்களுள் இதுவே மிகச் சிறந்தது என வாதிட்டார். 1755 நவம்பர் 1ஆம் நாள் நிலநடுக்கமும் கடற்கோளும் தீயும் லிஸ்பன் நகரை அழித்தபோது, அந்த ஆறுதலும் ஆட்டங்கண்டது. வால்டேர் அதனைச் செய்யுளில் சாடினார். 1759இல் 'கான்டீட்' நவீனத்தில் எள்ளி நகையாடினார். அவரது சினம் நேர்மையானது. ஆயினும் அது வானத்தை நோக்கிய சினம். மண்ணை நோக்கிக் கேள்வி எழுப்பியவர் ரூசோ. 1756இல் வால்டேருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இறையருளுக்காகவே வாதாடினார். எனினும், பல மாடி வீடுகளை ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையன்று, மனிதரே என்று சுட்டிக்காட்டி, பேரழிவைச் சமூகத்தின் கணக்கில் எழுதினார்.

இங்கு நாம் ரூசோவையும் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. மனிதர் என்றால் எந்த மனிதர்? லயனுக்கு இடம் தெரிந்தவன் தொழிலாளி அல்லன். காட்டை அழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட்ட வெள்ளைத் துரைமார் காலந்தொட்டு, அவன் எங்கே குடியிருப்பது என்பதைத் தோட்ட நிர்வாகமே தீர்மானித்தது. தலைமுறை தலைமுறையாக உழைத்தும், 2014இல் மலையகத் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர்க்குத் தாம் குடியிருந்த காம்பராவின்மீது உரிமை கிடையாது.

காரணம் அறியப்படாமலும் இல்லை. செங்குத்தான சரிவில் அடைமழை நீர் ஊறும்போது மண்ணின் பாரம் கூடுகிறது. அதன் பிடிமானம் தளர்கிறது. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவும் ஆற்றலும் ஒன்றிணைவன என்று பேக்கன் 1620இலேயே எழுதினார். மீரியபெத்தவில் அறிவு ஆய்வாளரிடம் இருந்தது. நிலத்தின் மீதான அதிகாரம் வேறிடத்தில் இருந்தது. ஆபத்து மட்டும் தொழிலாளியின் பங்காயிற்று. காணித்துண்டு ஏதுமற்றவனைப் பார்த்து 'வெளியேறு' என்றால், அவன் எங்கே போவான்? விஞ்ஞானத்தின் வெற்றியைப் பாடிய பேக்கன் இக்கேள்விக்கு விடை தரவில்லை.

அழிவுக்குப் பின்னர், உயிர் தப்பிய குடும்பங்களுக்கு வேறிடத்தில் வீடுகள் எழுந்தன. பின்னர் இயன்றது முன்னர் ஏன் இயலவில்லை? காரணங்களைத் தேடும் பணியை வானத்திலும் நிறுத்தாமல், மழையிலும் நிறுத்தாமல், காணி உறுதி வரை கொண்டுசெல்வதே ஸ்பினோசாவை நாம் மெய்யாகக் கற்றதற்குச் சான்றாகும்.