மெக்கானிக்கல் படிப்பின் வரவும் செலவும்

சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் கீழ்பென்னாத்தூரில் என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு விவசாயி வந்தார். மகன் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து, பிளஸ் டூ தேறியிருந்தான். கையில் ஒரு பொறியியற் கல்லூரியின் வழவழப்பான விளக்கப் புத்தகம். கல்லூரிக்கு ஆள் சேர்த்துவிடும் தரகர் ஒருவர் கொடுத்ததாம். “மெக்கானிக்கல்ல நிர்வாக ஒதுக்கீட்டு இடம் ஒண்ணு இருக்கு, கவுன்சலிங் எல்லாம் எதுக்கு, இப்பவே பணத்தைக் கட்டுங்க” என்று அவர் அவசரப்படுத்துகிறாராம். “ஒரு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லையை அடமானம் வைக்கலாமா, வாணாமா சார்?” என்பது கேள்வி.

நான் இயற்பியல் கற்பிப்பவன். பொருளாதாரம் என் துறை அன்று. ஆனால் அந்தப் புத்தகத்தில் இருந்தவை எண்கள். எண்களைச் சோதிப்பது எங்கள் தொழில். எனவே அதை ஒரு நூலைப் போலவே இங்கு மதிப்பிடப் போகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். இவ்வகைப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவைதாம்.

வேலைவாய்ப்புப் பக்கத்தில் இரண்டே எண்கள் பெரிய எழுத்தில் இருந்தன: அதிகபட்ச ஆண்டுச் சம்பளம், சராசரி ஆண்டுச் சம்பளம். இவை என்ன சொல்கின்றன என்று பார்க்க, 60 பேர் கொண்ட ஒரு வகுப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவனுக்கு மென்பொருள் நிறுவனம் ஒன்றில் 12 லட்சம். நால்வருக்கு ஆளுக்கு 6 லட்சம். 20 பேருக்கு ஆளுக்கு 2 லட்சம். மீதி 35 பேரைப் பற்றித் தகவல் இல்லை. வேலை பெற்ற 25 பேரின் சராசரி 3,04,000 ரூபாய். புத்தகத்தில் இதுதான் ஏறும். ஆனால் அந்த 25 பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவனைக் கேட்டால், அவன் வாங்குவது 2 லட்சம். இதற்கு இடைநிலை அளவு என்று பெயர். அறுபது பேரையும் வரிசையில் நிறுத்தினாலோ, நடுவில் நிற்பவன் தகவல் இல்லாதவர்களில் ஒருவன்! உச்சத்தில் இருப்பவனின் 12 லட்சத்துக்கும் லேத்துக்கும் பாய்லருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் கவனியுங்கள். அதை மெக்கானிக்கல் படிப்பின் வருவாய் என்று கணக்கில் காட்டுவது, மாமரத்தடியில் தேங்காய் பொறுக்கிய கதைதான்.

நேர்மையான எண்கள் கிடைக்காமல் இல்லை. 2016 முதல் மத்திய அரசு வெளியிடும் தேசியத் தரவரிசைக்கு (என்.ஐ.ஆர்.எஃப்.) விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, வேலை பெற்றோரின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று விவரம் தரவேண்டும். அதிலும் ஒரு குறை உண்டு: அந்த இடைநிலை, வேலை பெற்றவர்களுக்குள் மட்டும் எடுத்தது, துறைவாரியாகவும் பிரித்திராது. ஆயினும் சேர்ந்தோர் தொகையைக் கீழே எழுதி, வேலை பெற்றோர் தொகையை மேலே எழுதி, வகுத்துப் பார்க்க உங்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

புத்தகத்தின் பெரிய குறை வருவாய்ப் பக்கத்தில்கூட இல்லை. செலவுப் பக்கத்தில் இருக்கிறது. அதில் கல்விக் கட்டணம் மட்டுமே உண்டு. படிக்காமல் வேறு வழியில் போயிருந்தால் வந்திருக்கும் வருமானம் எங்கே? இந்தப் பையனுக்கு வேறு வழி இருக்கிறது. பிளஸ் டூவில் கணிதமும் அறிவியலும் படித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே ஆண்டில் டிப்ளமோ. பி.இ.க்கு நான்கு ஆண்டு. ஆக, பட்டத்தின் உண்மையான விலை இவ்விரு வழிகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டின் கட்டண நிர்ணயக் குழு 2017இல், தர அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 87,000 ரூபாய் என்றும், அரசு ஒதுக்கீட்டில் 55,000 என்றும் விதித்தது. முதல் எண்ணைக் கொள்வோம். நான்கு ஆண்டுக்கு 3,48,000. பேருந்து, புத்தகம், தேர்வுக் கட்டணம் என்று ஆண்டுக்கு 20,000 வைத்தால் 80,000. இதில் இரண்டு ஆண்டு அரசு பாலிடெக்னிக் செலவாக 45,000 கழியுங்கள். மீதி 3,83,000. டிப்ளமோ முடித்தவன் ஒரகடத்திலோ செய்யாறு சிப்காட்டிலோ மாதம் 12,500 வாங்குவதாகக் கொண்டால், இரண்டு ஆண்டில் இழக்கும் சம்பளம் 3,00,000. கூட்டினால் 6,83,000 ரூபாய். (சாப்பாட்டுச் செலவை நான் சேர்க்கவில்லை. வேலைக்குப் போனாலும் சாப்பிடத்தானே வேண்டும்! இழந்த சம்பளத்தை முழுதாக எழுதிவிட்டுச் சோற்றுச் செலவையும் எழுதுவது இரட்டைக் கணக்கு.)

இனி வட்டி. இழந்த சம்பளத்துக்கு எதற்கு வட்டி என்று கேட்காதீர்கள். அந்தப் பணம் வந்திருந்தால் வீட்டிலுள்ள நகைக்கடன் அடைந்திருக்கும். ஆண்டுக்கு 10 விழுக்காடு என்றால் 68,300 ரூபாய். மாதத்துக்குச் சுமார் 5,700. பட்டதாரியின் சம்பளம் டிப்ளமோக்காரனின் சம்பளத்தைவிட மாதம் 5,700 அதிகமாக இருந்தால் வட்டி மட்டுமே கழியும். அடியில் ஓட்டையுள்ள தொட்டி மாதிரி: ஊற்றும் வேகமும் ஒழுகும் வேகமும் சமமானால் மட்டம் ஏறாது. வித்தியாசம் 3,000 தான் என்றால் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். 10,000 என்றால் முதலும் வட்டியும் அடைய ஏறக்குறைய ஒன்பது ஆண்டு ஆகும். பையனுக்கு அப்போது முப்பது வயது.

அதே பையனை, அதே கல்லூரியில், கலந்தாய்வு வழியாகச் சேர்த்துப் பாருங்கள். 2021இல் வந்த சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு இடம் தனியே உண்டு. அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்த இடம் கிடைத்தால் மொத்தம் 3,35,000 ஆகக் குறைகிறது. மாத வட்டி சுமார் 2,800. சம்பள வித்தியாசம் 10,000 என்றால் மூன்றரை ஆண்டில் கடன் தீரும். அது கிடைக்காவிட்டாலும், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு 2010 முதல் கட்டணச் சலுகை இருக்கிறது; அதுவும் கலந்தாய்வில் சேர்ந்தவர்களுக்கே. தரகர் வேண்டாம் என்று சொன்னது இந்தக் கலந்தாய்வைத்தான்! புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இவ்வளவு தாள் செலவழித்து அச்சிட்டவர்களுக்கு அந்த ஒரு வரிக்கு மை இல்லாமல் போயிற்று.

என் கணக்கிலும் ஓட்டை உண்டு. அதை மறைத்தால் நானும் அந்தப் புத்தகம் போட்டவர்களும் ஒன்றுதான். சம்பள வித்தியாசத்தை மாறாத எண்ணாக வைத்தேன். பத்தாம் வகுப்பில் நேர்கோட்டுச் சமன்பாடு படித்திருப்பீர்கள்: வெட்டுத்துண்டு ஒன்று, சாய்வு ஒன்று. முதல் மாதச் சம்பளம் வெட்டுத்துண்டு. ஆண்டுக்காண்டு ஏறும் வேகம் சாய்வு. பட்டத்தின் பலன் பெரும்பாலும் சாய்வில் இருக்கிறது. பெல் நிறுவனத்தில் டிப்ளமோ படித்தவர் மேற்பார்வைப் பயிற்சியாளராகவும், பட்டதாரி பொறியாளர் பயிற்சியாளராகவும் நுழைகிறார்கள். இருவரும் ஏறும் ஏணிகள் வேறு. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் ஆகப் பட்டம் வேண்டும். ஆனால் சாய்வு தானாக வராது. டிராயிங் படிக்கவும், ஒரு தாங்கு உருளை ஏன் சூடாகிறது என்று சொல்லவும் தெரிந்தவனுக்குத்தான் அது வரும். பட்டறையில் பாதி இயந்திரம் துணி போர்த்திக் கிடக்கும் கல்லூரியில் நான்கு ஆண்டு இருந்தவனுக்கு வராது. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது அலங்கார வளைவைப் பார்க்காதீர்கள். பட்டறைக்குப் போய் லேத்தின் மேல் எண்ணெயும் இரும்புச் சீவலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிப்ளமோ முடித்தவன் பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம் என்பதையும் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எல்லாம் சரிதான் சார். கல்யாணப் பத்திரிகையில பி.இ.ன்னு போடுறதுக்கு என்ன வெல போட்டீங்க?” என்றார். அந்தக் கட்டம் என் தாளில் காலியாகத்தான் இருந்தது.

கொல்லையைத் தொடவேண்டாம், தரகருக்கு ஒரு ரூபாய் முன்பணமும் கொடுக்கவேண்டாம், முதலில் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடுங்கள் என்றேன். மறுநாள் காலையில் பையனே மதிப்பெண் பட்டியலோடு வந்தான். பிறந்த தேதி, சாதிச் சான்று, ஆறாம் வகுப்பு முதல் படித்ததற்கான சான்று என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, பகல் பன்னிரண்டு மணிக்குள் விண்ணப்பத்தை அனுப்பினோம்.