காசு போகும் தூரமும் மொட்டமலையும்

போர், கட்டாய இடப்பெயர்வு, வர்க்கம் மூன்றையும் சேர்த்து நிக்கோலஸ் வான் ஹியர் 2004-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையை மறுபடி படித்தேன். காசு கொண்டுபோகும் தூரம் வரைதான் அகதி போக முடிகிறது என்பது அதன் சாரம். சொத்து, தொடர்புகள், படிப்பு என்று பியர் பூர்தியூ பிரிக்கும் மூலதனங்கள் கையில் எவ்வளவு இருக்கோ, அதற்கேற்ப போய்ச்சேரும் இடம் மாறும்.

இலங்கைத் தமிழர் விஷயத்தில் இது நன்றாகவே பொருந்துகிறது. ஏஜென்சிக்காரருக்குக் கட்டப் பணம் இருந்தவர்கள் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள். ஓரளவு வசதி உள்ளவங்க சென்னையில், திருச்சியில் வீடு பிடித்து, போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துகொண்டு முகாமுக்கு வெளியே இருந்தார்கள். படகுக்கூலி மட்டுமே இருந்தவங்க ராமேஸ்வரத்தில் கரையேறி, மண்டபம் வழியாக மாவட்ட முகாம்களுக்குப் போனார்கள். அதில் ஒன்றுதான் ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் உள்ள மொட்டமலை முகாம்.

சரி, வந்து சேர்ந்த பிறகு? இங்கேதான் இந்தச் சட்டகம் எனக்குப் போதவில்லை.

போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த தம்பி மொட்டமலைக்காரர். அங்கேயே பிறந்தவர், பேச்சு அச்சு அசல் எங்க ஊர்ப் பேச்சு. இன்ஜினியரிங் முடித்தவர். "கம்பெனியில முகாம்னு சொன்னதும் யோசிக்காங்க சார்" என்றார். அன்றைக்கு முகாமில் செக்கிங். மதியமே பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

படிப்பு என்ற மூலதனம் அவரிடம் இருக்கு. அது செல்லுபடியாகத்தான் வழியில்லை. 1987 ஜூலை 1-க்குப் பின் இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019 திருத்தத்தின் பட்டியலில் இலங்கையும் இல்லை.

மலையகத் தமிழர் கதையில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒத்துக்கொண்டது. ஒப்பந்தப்படி வந்தவர் தாயகம் திரும்பியவர், இந்தியக் குடிமகன். அதே தோட்டத்தில் அதே கொழுந்து பறித்து, 1983-க்குப் பின் படகேறி வந்தவர் அகதி. இரண்டு பேருக்கும் வர்க்கம் ஒன்று, வறுமையும் ஒன்று. கையில் இருந்த காகிதம்தான் வேறு.

அப்படியானால் வர்க்கம் முக்கியமில்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். சென்னையில் வெளிப்பதிவில் இருப்பவருக்கும் சட்டம் இதேதான். ஆனா அவருக்குக் கனடாவிலிருந்து அண்ணன் காசு அனுப்பலாம். சட்டம் மூடிய கதவை அவர் காசு கொஞ்சமாவது திறக்கும். மொட்டமலைத் தம்பிக்கு அது முழுசாக மூடிய கதவு. 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். பெயர் நல்ல பெயர்தான். ஆனால் அதைக் காட்டி பாஸ்போர்ட் வாங்க முடியாது.

அகதி கொண்டுவந்த வர்க்கத்தை வான் ஹியர் நன்றாக அளந்திருக்கிறார். வந்த இடத்தில் நாம் அவர்களுக்குக் கொடுத்த வர்க்கத்தையும் அளக்க வேண்டியிருக்கு.