ஓமேகாவுக்குச் செல்லும் வழியில் வீழ்ந்தவை

இயேசு சபைக் குரு தெயார் த ஷார்தேன் எழுதிய ‘மனிதன் எனும் நிகழ்வு’, இருபதாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவச் சிந்தனையின் துணிவுமிக்க நூல்களுள் ஒன்று. 1938 முதல் 1940 வரை பீக்கிங்கில் எழுதப்பட்ட இந்நூலை வெளியிட அவருக்கு வாழ்நாளில் இசைவு கிட்டவில்லை. 1955 ஏப்ரல் 10, உயிர்ப்புப் பெருவிழாவன்று அவர் நியூயார்க்கில் இறந்தார். அவ்வாண்டிலேயே நூல் அச்சேறியது. 1962இல் திருப்பீடம் அவருடைய எழுத்துகளைக் குறித்து எச்சரிக்கை விடுத்தது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தமது ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் அவருடைய பங்களிப்பை நினைவுகூர்ந்தார்.

நூலின் மையக் கருத்து இதுதான்: பருப்பொருளிலிருந்து உயிர், உயிரிலிருந்து சிந்தனை எனப் படைப்பு முழுவதும் ஓமேகா என்னும் நிறைவை நோக்கி ஏறிச் செல்கிறது. அந்த நிறைவைக் கிறிஸ்துவிடம் காண்கிறார் ஆசிரியர். பரிணாமத்தைக் கண்டு அஞ்சிய விசுவாசிகளுக்கு, அதனையே தியானப் பொருளாக்கலாம் என்று காட்டியது இந்நூலின் அழியாச் சிறப்பு.

ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. ஷார்தேன் தேர்ந்த தொல்லுயிரியலார். பீக்கிங் மனிதன் ஆய்வில் பங்கேற்றவர். உயிர்க்கிளை ஒன்றின் தொடக்கம் புதைபடிவங்களில் தங்காமல் மறைவது ஏன் என்று அவர் நுட்பமாக ஆராய்கிறார். அதே கிளை முறிந்து வீழ்வதை அத்துணை அக்கறையோடு நோக்கவில்லை.

ஏறத்தாழ 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்தது. கடல் வெப்பமுற்றது, நீரில் உயிர்வளி குன்றியது. கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை அழிந்தன. சுமார் 27 கோடி ஆண்டுகள் கடலில் வாழ்ந்த டிரைலோபைட்டுகளின் மரபு அத்துடன் முடிந்தது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் விண்கல் ஒன்று மோதியது. பறவைகளின் மரபு நீங்கலாக டைனோசர்கள் மறைந்தன. பாலூட்டிகள் பெருக இடம் கிடைத்தது. விண்கல் மோதலுக்கான சான்று 1980இலும், ஐந்து பேரழிவுகள் பற்றிய கணக்கீடு 1982இலும் வெளிவந்தன. இவற்றை ஷார்தேன் அறிந்திருக்க இயலாது. ஆனால் டிரைலோபைட்டுகள் மீளவில்லை என்பது அவர் அறிந்ததே.

1989இல் ஸ்டீபன் ஜே கூல்ட் ‘வியத்தகு வாழ்வு’ என்னும் நூலில் நேர்மாறாக வாதிட்டார். உயிரின் வரலாறு மீண்டும் தொடங்கினால் மனிதன் தோன்றுவான் என்பதற்கு உறுதியில்லை என்றார். இதனால் விசுவாசம் வீழ்ந்துவிடாது. இறைப் பராமரிப்பு தற்செயலை விலக்குவதில்லை என்று புனித தாமஸ் அக்குவினாஸ் முன்பே கற்பித்துள்ளார். கூல்டின் வாதத்தால் ஆட்டம் காண்பது ஏணி என்னும் உருவகமே.

தீமையைப் பற்றி நூலில் ஏன் பேசவில்லை என்ற வினாவுக்கு, 1948இல் சேர்த்த பின்னிணைப்பில் ஷார்தேன் விடை தருகிறார். தட்டுத் தடவி முன்னேறும் உலகில் தோல்வியும் சிதைவும் தவிர்க்க இயலாத துணை விளைவுகள் என்பது அவ்விடையின் சாரம். அறிவியலார்க்கு இது போதலாம். சிலுவையின் அடியில் நிற்பவர்க்குப் போதுமா? சிட்டுக்குருவியின் வீழ்ச்சியையும் கணக்கில் கொள்ளும் தந்தையை அல்லவா ஆண்டவர் நமக்கு அறிவித்தார்! உயிர்த்தவரின் திருமேனியிலும் காயங்கள் மறைந்துவிடவில்லை. வீழ்ந்தவற்றை மறந்து ஏறும் நிறைவு, கிறிஸ்துவின் நிறைவாகாது.

இது வெறும் இறையியல் வாதம் அன்று. வானை மறைத்துப் பறந்த வட அமெரிக்கப் பயணிப் புறாக்களில் கடைசியானது 1914இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. எரிமலையும் விண்கல்லும் அவற்றை அழிக்கவில்லை. மனிதரின் துப்பாக்கியும் காடழிப்புமே அழித்தன. இழப்புகளைப் படிக்கட்டுகளாக மட்டும் காணப் பழகிய மனம், இத்தகைய அழிவையும் முன்னேற்றத்தின் விலை என்று எளிதில் ஏற்றுக்கொள்ளும். அங்கே மனவருத்தத்திற்கு இடமிராது.

எனவே இந்நூலைப் படிப்போர் பின்னிணைப்பிலிருந்து தொடங்குவது நன்று. ஷார்தேன் காட்டிய தொலைநோக்கு நமக்குத் தேவை. வழியில் வீழ்ந்தவற்றுக்காகத் துயருறும் நெஞ்சத்தை நாம் அதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.