பாதை உருகாத பந்தயம்

சுவீடனில் 90 கிலோமீற்றர் தூரம் பனியில் சறுக்கி ஓடும் வாசலொப்பெட் பந்தயம் 1932, 1934, 1990 ஆகிய ஆண்டுகளில் நடக்கவில்லை. பனி போதவில்லை, ஏற்பாட்டாளருக்கு வேறு வழியுமில்லை. மட்டக்களப்பில் மாசி வெயிலில் நடக்கும் பாடசாலை மரதனை நிறுத்த அப்படி ஒரு காரணம் வாய்ப்பதில்லை. தார் வீதி எந்த வெயிலிலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். துவண்டுபோவது ஓடுகிற பிள்ளைதான்.

மரதனைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. இங்கே விளையாட்டை வளர்த்த வெபர் அடிகளாரின் பெயரில் மைதானமே வைத்திருக்கும் ஊர் இது. ஈட்டி எறிய ஈட்டி வேண்டும், கூடைப்பந்துக்குத் தளம் வேண்டும். மரதனுக்குச் சப்பாத்துக்கூட வேண்டாம். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை வெறுங்காலோடு ஓடி இல்லத்துக்குப் புள்ளி எடுத்துக் கொடுக்கும். படலையடியில் வாளியோடு நின்று தண்ணீர் ஊற்றும் அம்மாமாருக்கு எந்த இல்லம் என்ற பேதமுமில்லை.

கோளாறு நாட்காட்டியில் இருக்கிறது. மாரி மழை தை வரை மைதானங்களைச் சேறாக்கி வைத்திருக்கும். அது காய்ந்ததும் இல்ல விளையாட்டுப் போட்டி. வெயிலும் அப்போதுதான் ஏறும். உடல் வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் பயிற்சி வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தின் பாலபாடம். பல பிள்ளைகள் பயிற்சியே இல்லாமல், சிலவேளை காலைச் சாப்பாடுமில்லாமல், வீதிக்கு வருகிறார்கள். கடலும் வாவியும் சூழ்ந்த நிலத்தில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது.

2019இல் டோகாவில் உலகச் சம்பியன்ஷிப் பெண்கள் மரதனை நள்ளிரவையொட்டித் தொடங்கியும், ஓடிய 68 பேரில் 28 பேரால் முடிக்க முடியவில்லை. அவர்கள் தேர்ந்த வீராங்கனைகள். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் இறந்துபோனான். காரணம் சொல்வது மருத்துவர் வேலை. ஆனால் வெப்பச் சுட்டெண் பற்றிய எச்சரிக்கைகள் வந்துகொண்டிருந்த பருவம் அது என்பதை மறைக்க முடியாது.

எச்சரிக்கை வருகிறது, அழைப்பிதழோ அதற்கு முன்பே அச்சாகிவிடுகிறது. பந்தல், பேண்ட், பிரதம அதிதி எல்லாம் ஒழுங்கான பிறகு எந்த அதிபர் திகதியை மாற்றுவார்? அதிதி பிந்தினால் அணிநடைப் பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள். இது மரதனைவிட மோசமான வழக்கம், இதில் விளையாட்டு எதுவுமே இல்லை.

முடிவுக் கோட்டில் நாம் வைத்திருப்பது குளுக்கோசும் தோடம்பழத் துண்டும். வெப்பத்தாக்கில் தடுமாறும் பிள்ளைக்கு அவை உதவா. உடலை உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தி வெப்பத்தை இறக்க வேண்டும். வண்டியில் ஏற்றுவது அதற்குப் பிறகு. இதற்கு ஒரு பெரிய தொட்டியும் ஐஸ் கட்டியும் போதும். மீன் வாடிகள் உள்ள கரையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. விடியற்காலை ஓட்டத்தை முடிப்பதும் நடக்கக்கூடியதே. கடினம் மற்றது: போட்டியன்று காலையிலும் ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரத்தை விளையாட்டாசிரியருக்கு எழுத்தில் கொடுப்பது.