தீயுருண்டை சரி, துப்பாக்கி கூடாதா?

ஜொகூர் பாருவில் எங்கள் வீட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். கதையை நடத்துபவன் நான். போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் தன் பாத்திரத்துக்குத் துப்பாக்கி கேட்டான். "இது மத்திய காலம்டா, அதெல்லாம் கிடையாது" என்றேன். "மந்திரவாதி கையிலேருந்து தீயுருண்டை விடுறான், அது ஓகே. எனக்கு ஒரு துப்பாக்கி கூடாதா? என்னலா அண்ணே இது?" என்றான். விதிநூலைக் காட்டி அவன் வாயை அடைத்தேன்.

நான் காட்டியது 2014 பதிப்பு. அதில் வீரர்களின் ஆயுதப் பட்டியலில் துப்பாக்கி இல்லை. கதை நடத்துபவரின் நூலில், வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஓரமாக இருக்கிறது. அன்றிரவு பட்டியலை மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. அதிலுள்ள ரேப்பியர் வாள் 16ஆம் நூற்றாண்டுக்குரியது. உடல் முழுக்க மூடும் இரும்புக் கவசம் 15ஆம் நூற்றாண்டில் முழுமை பெற்றது. ஐரோப்பாவிலோ 1326லேயே பீரங்கியை ஓவியமாக வரைந்துவிட்டார்கள். பிந்தி வந்தவை உள்ளே, முந்தி வந்தது வெளியே. இதற்குப் பெயர் வரலாறு இல்லை, ரசனை.

ஆட்டம் கெட்டுவிடும் என்பார்கள். கனமான குறுக்குவில்லுக்குப் பத்துமுகப் பகடை, மஸ்கட் துப்பாக்கிக்குப் பன்னிரண்டுமுகப் பகடை. சராசரியில் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். 2024 பதிப்பு மஸ்கட்டை 500 பொற்காசு விலையில் முதன்மைப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

என்னை உறுத்துவது வேறு. 1511இல் மலாக்காவைப் போர்த்துக்கீசியர் தாக்கியபோது எதிரில் யானைகள் நின்றன, விஷ அம்புகள் பறந்தன, பீரங்கிகளும் முழங்கின. அத்தனையும் ஒரே போரில்! தோற்ற சுல்தானின் மகன்தான் ஜொகூர் சுல்தானகத்தை நிறுவினார். 1587இல் ஜொகூர் லாமா கோட்டை வீழ்ந்தபோதும் போர்த்துக்கீசியர் ஏராளமான பீரங்கிகளை அள்ளிச் சென்றார்கள். மலாய்க்காரர்களிடம் லேலா என்ற சிறுபீரங்கியும் இஸ்திங்கார் என்ற திரித்துப்பாக்கியும் இருந்தன. ஜொகூர் ஆற்றங்கரையில் அந்தக் கோட்டையின் மண் அரணை இன்றும் பார்க்கலாம். 'மத்திய காலம், துப்பாக்கி கிடையாது' என்ற என் விதிப்படி, நான் வாழும் மாநிலத்தின் தொடக்கக் கதைக்கே என் மேசையில் இடமில்லை.

நம் மொழியும் இதில் ஏமாற்றும். பீரங்கி என்ற சொல், ஐரோப்பியரைக் குறித்த 'ஃபிரங்கி'யிலிருந்து வந்தது. சொல்லை வைத்துப் பார்த்தால் வெள்ளைக்காரன் வந்த பிறகுதான் இங்கே வெடிச் சத்தம் கேட்டது போலத் தோன்றும். மலாக்காவில் அவனை வரவேற்றதே அந்தச் சத்தம்தான்.

துப்பாக்கியில்லாத உலகத்தைப் படைப்பது தப்பில்லை. வில்லும் வாளும் மட்டுமே உள்ள கதைக்கு ஓர் அழகு உண்டு. ஆனால் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லவேண்டும். வரலாற்றின் மேல் பழியைப் போடக்கூடாது. துப்பாக்கி வந்தால் கதைக்கு லாபமும் உண்டு. வெடிமருந்தை யார் விற்கிறார்கள்? யாருக்கு விற்க மறுக்கிறார்கள்? நம்ம ஊர் மழையில் திரி நனைந்தால் என்ன ஆகும்?

தம்பிக்கு ஃபோன் போட்டேன். "இஸ்திங்கார் எடுத்துக்கோடா. ஆனா மருந்து எங்க வாங்குவேன்னு நீதான் சொல்லணும்."

"ஆத்தோரமா ஒரு கோட்டை இருக்குண்ணே" என்று ஆரம்பித்தான்.